கட்டணம் இல்லாத பல்கலைக்கழகத்தின் கட்டணம்

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் ஓட்டல் ஹால்களில் வெளிநாட்டுப் படிப்புக் கண்காட்சி நடக்கும்போது நாட்டுக்கொரு மேசை போட்டிருப்பார்கள். ஜெர்மனி மேசையில் வந்து உட்காரும் அப்பாவோ அம்மாவோ முதலில் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "அங்க ஃபீஸே கிடையாதாமே, நிஜமா?" அடுத்தது விசா. அதற்கடுத்தது, படிக்கும்போதே வேலை பார்க்கலாமா என்பது. பாடம் எந்த மொழியில் நடக்கும் என்ற கேள்வி கடைசியில்தான் வரும்; பல நேரம் வராமலே போகும். வந்தாலும், "அதெல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கு சார்" என்ற பதிலோடு பேச்சு முடிந்து, அடுத்த குடும்பம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும்.

அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் பாதிதான்.

முதலில் ஃபீஸ் விஷயத்தை முடித்துவிடலாம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் மாநிலம் மாநிலமாக ஒழிந்து, 2014-இல் லோயர் சாக்சனியோடு முற்றிலும் போனது. பிறகு கொஞ்சம் திரும்பி வந்தது. ஸ்டுட்கார்ட், ஹைடல்பெர்க் போன்ற ஊர்கள் இருக்கும் பாடன்-வூட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் அவர்களிடம் செமஸ்டருக்கு இளநிலைக்கு 2,000 முதல் 3,000 யூரோவும், முதுநிலைக்கு 4,000 முதல் 6,000 யூரோவும் வாங்கத் தொடங்கிவிட்டது. மற்ற இடங்களில் இன்னமும் செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகையோடு சரி. செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட 'பிளாக்டு அக்கவுன்ட்' ஒன்றில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டுவைக்க வேண்டும். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 12 லட்சம். இது கட்டணம் இல்லை. மாணவர் அங்கே போய் மாதாமாதம் 992 யூரோவாக எடுத்துச் சாப்பிட வேண்டிய சொந்தப் பணம். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குச் சான்றிதழ் சரிபார்க்கும் ஏபிஎஸ் ஆவணமும் கட்டாயம்.

இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் அமெரிக்கா, பிரிட்டனைவிட ஜெர்மனி மலிவு. கணக்குத் தெரிந்த நம் குடும்பங்கள் அதைச் சரியாகவே பிடித்துக்கொண்டன. 2023-24 குளிர்கால செமஸ்டரில் அங்கே 49,000-க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் இருந்தார்கள். சீன மாணவர்களைத் தாண்டி, வெளிநாட்டவர்களில் முதலிடம்.

அவர்களில் பெரும்பாலோர் போவது பொறியியல், கணினித் துறைகளில் ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புகளுக்கு. "இங்கிலீஷ்லயே இருக்கு" என்பது இவர்களைப் பொறுத்தவரை உண்மை. இளநிலைக்கு வந்தால் படம் மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் நடக்கும் இளநிலைப் படிப்புகள் குறைவு, அதிலும் தனியார் கல்லூரிகளின் பங்கு கணிசம். மருத்துவம், சட்டம், ஆசிரியர் பயிற்சி, சமூகப்பணி எல்லாம் ஜெர்மனில்தான். பிளஸ் டூ முடித்த பிள்ளையை அரசுப் பல்கலைக்கழகத்தில் ஃபீஸ் இல்லாமல் சேர்க்கலாம் என்று நினைக்கிற குடும்பம், பிள்ளை ஜெர்மனில் கணிதமும் இயற்பியலும் படிக்கப்போகிறது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

என் கட்சி இதுதான்: மொழிக்கான கட்டணத்தை முன்னாலும் கட்டலாம், பின்னாலும் கட்டலாம். கட்டாமல் தப்பிக்க வழியில்லை.

பின்னால் கட்டுகிறவர்கள்

ஆங்கிலவழி முதுநிலைக்குப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். வகுப்பறை ஆங்கிலத்தில் நடக்கும். பேராசிரியருக்கும் அது இரண்டாம் மொழி, மாணவருக்கும் இரண்டாம் மொழி. இருவரும் மெதுவாகப் பேசுவதால் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். வகுப்புக்கு வெளியே வந்ததும் அந்த வசதி நின்றுவிடும். வாடகை ஒப்பந்தம் ஜெர்மனில். குடிவந்ததைப் பதிவு செய்யும் நகராட்சி அலுவலகத்தில் படிவம் ஜெர்மனில். மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் இன்னமும் தபாலில் கடிதம் அனுப்பும் நாடு அது, கடிதமும் ஜெர்மனில். கைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துக் காலத்தை ஓட்டிவிடலாம்தான். நிறையப் பேர் ஓட்டுகிறார்கள்.

பகுதிநேர வேலையில்தான் முதல் இடி விழும். 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். சட்டம் அனுமதிக்கிறது, நிறுவனம் வேலை தரவேண்டுமே! படிப்புத் தொடர்பான வேலைக்கான விளம்பரங்களில் ஜெர்மன் கேட்காதவை பெர்லின், மியூனிக் போன்ற பெருநகர மென்பொருள் நிறுவனங்களில் கிடைக்கும். மொழி தெரியாதவருக்கு எளிதாகக் கிடைப்பது கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலையும் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும்.

இரண்டாவது இடி, பட்டம் வாங்கிய பிறகு. வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி உண்டு. ஜெர்மன் தொழில்துறையின் முதுகெலும்பு பெருநகரங்களில் இல்லை. சிற்றூர்களில், பல தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் நடுத்தர நிறுவனங்களில் இருக்கிறது. நம் சிவகாசியையும் திருப்பூரையும்போல ஒரு பொருளுக்கே பேர்போன ஊர்கள் அங்கே ஏராளம். அங்கே வால்வு செய்யும் நிறுவனம் உலகம் முழுக்க ஏற்றுமதி செய்தாலும், காலை ஏழு மணிக்கு உற்பத்திக் கூடத்தில் நடக்கும் கூட்டம் ஜெர்மனில்தான். இயந்திரவியல் முடித்த தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்ற வேலை அங்கேதான் இருக்கிறது, ஆனால் வாசலில் ஐரோப்பிய மொழி அளவுகோலின் பி2 அளவு ஜெர்மன் கேட்கிறார்கள். இரண்டு வருடம் படித்த நாட்டில் மொழி வகுப்பின் முதல் பெஞ்சில் போய் உட்கார வேண்டும், அதுவும் விசா நாட்கள் தேய்ந்துகொண்டிருக்கும்போது. நிரந்தரக் குடியிருப்பு அனுமதியும் மொழியை எடைபோட்டுத்தான் வருகிறது: புளூ கார்டு என்ற பணி அனுமதி வைத்திருப்பவருக்கு ஏ1 அளவு ஜெர்மன் இருந்தால் 27 மாதம், பி1 இருந்தால் 21 மாதம்.

ஜெர்மனி மட்டும் இப்படி இல்லை. ரஷ்யாவுக்கு எம்பிபிஎஸ் படிக்கப் போகும் நம் பிள்ளைகளின் கதையும் இதே கதைதான். தேசிய மருத்துவ ஆணையம் 2021-இல் கொண்டுவந்த விதிகளின்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஆங்கிலத்தில் நடந்திருக்க வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்துவிடும், நோயாளி ரஷ்ய மொழியில்தான் முனகுவார். வலி எங்கே, எப்போதிலிருந்து, நெஞ்சு அடைக்கிறதா என்று கேட்கத் தெரியாமல் வார்டில் நின்று என்ன கற்றுக்கொள்ள முடியும்? சோவியத் காலத்து ஏற்பாடு இதைவிட நேர்மையானது என்பேன். 1960-இல் மாஸ்கோவில் தொடங்கிய லுமும்பா பல்கலைக்கழகத்தில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்களுக்கு முதல் வருடம் முழுக்க ரஷ்ய மொழிதான். அதன் பிறகே மருத்துவமோ பொறியியலோ, அதுவும் ரஷ்ய மொழியிலேயே. கட்டணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். ஜப்பான் அரசு தன் உதவித்தொகையில் இளநிலைக்கு அழைக்கும் மாணவர்களுக்கு இன்றும் முதல் வருடம் மொழிப் பயிற்சிதான்.

முன்னால் கட்டுகிறவர்கள்

ஜெர்மன்வழிப் படிப்பில் சேர, டெஸ்ட்டாஃப் என்ற தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் நான்காம் நிலை, அல்லது பல்கலைக்கழகங்களே நடத்தும் டிஎஸ்ஹெச் தேர்வில் இரண்டாம் நிலை என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. ஐரோப்பிய மொழி அளவுகோலில் இது சி1-ஐ ஒட்டிய உயரம். கதே நிலையத்தின் மதிப்பீட்டில், சி1 வரை ஏற 45 நிமிட வகுப்புகள் 800 முதல் 1,000 வரை தேவை.

இந்த எண்ணைக் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. சனி, ஞாயிறு மட்டும் போய் வாரம் ஐந்து வகுப்பு கேட்கிறவருக்கு 160 முதல் 200 வாரம் ஆகும். அதாவது மூன்று முதல் நான்கு வருடம். வாரம் 25 வகுப்பு வைக்கும் தீவிரப் பயிற்சியில் 32 முதல் 40 வாரம். சென்னை நுங்கம்பாக்கத்தின் மாக்ஸ் முல்லர் பவனானாலும் உங்கள் ஊர் மாடிப்படி வகுப்பானாலும் கணக்கு இதுதான். 'மூணே மாசத்துல பி2' என்று பேனர் கட்டியிருக்கும் இடத்தைப் பார்த்தால், அந்த மூன்று மாதத்தில் மாணவர் வேறு என்ன செய்யாமல் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். தூங்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் நேர்மையான பதில்.

பிளஸ் டூ மட்டும் முடித்தவருக்கு இன்னொரு படியும் உண்டு. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியவரும், இங்கே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்துத் தேறியவரும் தமக்குரிய துறையில் நேரடியாக விண்ணப்பிக்க வழி இருக்கிறது. மற்றவர்கள் 'ஸ்டூடியன்கொலெக்' என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பைத் தாண்ட வேண்டும். பொறியியலுக்குப் போகிறவர்களுக்கு டி வகுப்பு, மருத்துவத்துக்கு எம், பொருளாதாரத்துக்கு டபிள்யூ. உள்ளே நுழையவே ஜெர்மனிலும் பெரும்பாலும் கணிதத்திலும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். முடிவில் ஒரு தகுதித் தேர்வு. ஏஜென்டுகள் இதை ஒரு தடையாகவே சொல்வார்கள். எனக்கென்னவோ இது வரம் என்றே படுகிறது. பாடமும் மொழியும் சேர்ந்து வரும் ஒரே இடம் அதுதான். அங்கே தடுமாறினால் செலவாவது ஒரு வருடம், பல்கலைக்கழகத்தில் தடுமாறினால் செலவு அதிகம்.

கரும்பலகைக்கு முன்னால்

சி1 சான்றிதழோடு முதல் செமஸ்டரில் நுழைகிறவருக்கு என்ன நடக்கும்? நேரம் பத்தே கால். அட்டவணையில் பத்து என்றுதான் போட்டிருக்கும். பழைய பல்கலைக்கழக மரபுப்படி வகுப்பு கால் மணி கழித்தே தொடங்கும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நானூறு பேர் உட்காரும் அரங்கு. பேராசிரியர் பலகையில் எழுதிக்கொண்டே பேசுகிறார். மின்னழுத்தத்துக்கு நாம் பள்ளியிலிருந்து 'வி' போட்டுப் பழகியிருக்க, அவர் 'யூ' என்ற எழுத்தைப் போடுகிறார். தசமப் புள்ளி இருக்கும் இடத்தில் காற்புள்ளி வருகிறது. ஆயிரத்தைப் பிரிக்கும் காற்புள்ளி இருக்கும் இடத்தில் புள்ளி வருகிறது. எண்களை வாயால் சொல்லும்போது ஒன்றாம் இலக்கம் முன்னால் வரும்: எழுபத்து நான்கை 'நான்கும் எழுபதும்' என்ற வரிசையில் சொல்வார்கள். காதில் விழுந்தபடி எழுதுகிறவர் நோட்டில் 47 என்று எழுதியிருப்பார். கணக்கு தெரிந்தும் விடை தப்பாகப் போகும் ரகசியம் இது. வேதியியலில் மட்டும் ஒரு சின்னச் சலுகை உண்டு. பொட்டாசியத்துக்கு 'கே' என்றும் சோடியத்துக்கு 'என்ஏ' என்றும் ஏன் குறியீடு என்று பள்ளியில் தலையைச் சொறிந்தோமே, ஜெர்மனில் அவற்றின் பெயரே காலியம், நாட்ரியம்.

வகுப்பு முடிந்ததும் கைதட்ட மாட்டார்கள், மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். வருகைப்பதிவு பெரும்பாலும் கிடையாது. நம் கல்லூரிகளில் 75 சதவீதத்துக்குப் பயந்து வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு இது விடுதலையாகத் தெரியும், அதுதான் ஆபத்து. செமஸ்டர் முடிவில் ஒரே தேர்வு, அதற்கும் நாமே மறக்காமல் பதிவு செய்ய வேண்டும். நம் ஊரில் அரியர் வைத்து வைத்து எழுதலாம். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு தாளுக்கு மூன்றே வாய்ப்பு. மூன்றாவதும் போனால் பெயர் நீக்கம். அதே படிப்பை நாட்டின் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் தொடர்வது ஏறக்குறைய முடியாத காரியம். இளநிலையைப் பாதியில் விடுவது அங்கே உள்நாட்டு மாணவர்களைவிட வெளிநாட்டு மாணவர்களிடம் அதிகம் என்று ஜெர்மன் ஆய்வுகளே சொல்கின்றன. பணமும் தனிமையும் காரணம், மொழியும் காரணம்.

எழுத்துத் தேர்வில்கூட நினைவில் உருப்போட்ட வாக்கியங்களை வைத்துச் சமாளிக்கலாம். வாய்மொழித் தேர்வில் முடியாது. எதிரே பேராசிரியர், பக்கத்தில் குறிப்பெடுக்க ஒருவர். இருபது, முப்பது நிமிடம். "ஏன்?" என்று கேட்பார், பதில் சொன்னால் அதற்கும் "ஏன்?" என்பார்.

ஏற்கெனவே ஒருமுறை தாண்டியவர்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு, 'நம்ம பிள்ளை கான்வென்ட்டில் படித்தது, சமாளித்துவிடும். தமிழ்வழியில் படித்தவர்களுக்குத்தான் கஷ்டம்' என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் நேர் எதிராக நினைக்கிறேன்.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து, ஆங்கிலவழிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, முதல் செமஸ்டரில் மூன்று தாளில் போய், நான்காவது செமஸ்டரில் எழுந்து நின்ற பிள்ளைகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டிலும் தமிழ்வழியைத் தொடங்கிய பிறகும் பெரும்பான்மையினர் போனது ஆங்கிலவழிக்குத்தான். இரண்டாம் மொழியில் பட்டம் படிப்பது என்றால் என்ன என்று இவர்களுக்குத் தெரியும். வகுப்பில் பாதி புரியாமல் உட்கார்ந்திருப்பதை இவர்கள் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. பாடத்தைத் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியவர்கள். நண்பனின் நோட்டை வாங்கிப் பிரதி எடுக்கத் தயங்காதவர்கள். எல்.கே.ஜி. முதல் ஒரே மொழியில் படித்து எப்போதும் முதல் பெஞ்சில் இருந்த பிள்ளைக்கு, பத்தொன்பது வயதில் முதன்முதலாகக் 'கேட்டும் புரியாமல்' இருப்பது பெரிய அடி. அறிவு குறைந்துவிட்டதோ என்று பயப்படுவார்கள். அந்தப் பயம்தான் பெட்டியைக் கட்ட வைக்கும்.

தமிழ் கை கொடுக்கும் இன்னொரு இடம் இலக்கணம். ஆங்கிலம் வழியாகவே ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளில் இது கவனத்துக்கே வருவதில்லை. நான்கு வேற்றுமை என்றதும் ஆங்கிலக்காரர் மிரள்வார். எட்டு வேற்றுமையை ஏழாம் வகுப்பில் ஒப்பித்தவருக்கு என்ன மிரட்சி? நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடு அங்கேயும் உண்டு. துணைவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகும். எல்லாவற்றையும்விட, ஜெர்மன் பாடநூல் நடையில் நிறைந்திருக்கும் நீண்ட பெயரடைத் தொடர்கள். 'நேற்று ஆய்வகத்தில் அளந்த வெப்பநிலை' என்ற தொடரின் சொல்வரிசையை அப்படியே வைத்து ஜெர்மனில் சொல்லலாம். ஆங்கிலத்தில் அதைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். நம் பெயரெச்சம் அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தமிழ் ஐயாவிடம் பெயரெச்சத்துக்கு அடி வாங்கியவர்களுக்கு ஒரு வகையில் இழப்பீடு! பால் வேறுபாட்டில் மட்டும் எந்த உதவியும் கிடைக்காது: மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமி ஒன்றன்பால். நியாயம் கேட்காமல் மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

எதிர்த்திசையில் ஒருவர் வந்த கதை தரங்கம்பாடியில் இருக்கிறது. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்க் என்ற ஜெர்மானியர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். சில ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சிலும் ஏற்றினார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் சிறுபிள்ளைகளுக்கு நடுவே உட்காரக் கூச்சப்படாததுதான் அவர் வேகத்துக்குப் பாதிக் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

யாரிடம் விசாரிப்பது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 1983-க்குப் பிறகு ஜெர்மனியில் குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஊருக்கு ஊர் இருக்கின்றன. 2002-இல் குடமுழுக்கு நடந்த ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு அவர்கள் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மழலையர் பள்ளியிலிருந்தே ஜெர்மனில் படித்தவர்கள். பெற்றோரோ, நடுவயதில் தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் நின்றுகொண்டே மொழியைப் பிடித்தவர்கள். கமிஷன் வாங்காமல் உண்மையைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

ஒரு வருடம் போகட்டும்

சரி, யார் எந்த வழியில் போகலாம்? பி.இ. முடித்து, கணினியிலோ தரவு அறிவியலிலோ முதுநிலை என்றால் ஆங்கிலவழி போதும். ஆனால் விமானம் ஏறும் முன் பி1 முடித்துவிடுவது நல்லது. இயந்திரவியல், ஊர்தித் துறை, கட்டுமானம் என்றால் பி2 இல்லாமல் போகாதீர்கள். இளநிலை, மருத்துவம், செவிலியர் பணி என்றால் ஜெர்மன்தான் படிப்பே, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். மொழி படிப்பதே வேதனை என்று பத்தாம் வகுப்பிலிருந்து சொல்லிவரும் பிள்ளையை ஃபீஸ் இல்லை என்பதற்காக அங்கே தள்ளாதீர்கள். அந்த 12 லட்சத்துக்கு இங்கேயே நல்ல படிப்பு இருக்கிறது.

அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஜூலை 15 வரை விண்ணப்பம் வாங்குகின்றன. அதற்குள் மொழித் தேர்வு முடிவு கையில் இருக்க ஏப்ரலுக்குள் தேர்வு எழுதியிருக்க வேண்டும். அங்கிருந்து 40 வாரம் பின்னால் போனால் முந்தைய ஜூன், ஜூலை. மார்ச்சில் பிளஸ் டூ எழுதிய பிள்ளை அந்தக் கோடையில் ஏ1 தொடங்கினால், அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் சேர முடியும். 'ஒரு வருஷம் வீணாப் போகுதே' என்ற வார்த்தை இந்த இடத்தில்தான் வீட்டில் வெடிக்கும்.

அந்த ஆண்டில் இங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்து முதலாண்டை முடித்துவிட்டால் ஸ்டூடியன்கொலெக் இல்லாமல் நேரடியாக விண்ணப்பிக்கலாமே என்ற யோசனை பலருக்கு வரும். நல்ல யோசனைதான். ஆனால் பகலில் பொறியியல் முதலாண்டும் மாலையில் தீவிர ஜெர்மனும் சேர்ந்து ஓடாது. ஒன்றில் அரியர் விழும், மற்றதில் பி1-இல் நின்றுவிடும். கல்லூரி ஓராண்டு, மொழிக்கு இன்னொரு ஆண்டு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதே மேல் என்பேன். சேரும்போது பிள்ளைக்கு இருபது வயது நெருங்கியிருக்கும். பக்கத்து இருக்கையில் இருக்கும் ஜெர்மன் மாணவனுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். பள்ளி முடித்ததும் ஓராண்டு தன்னார்வத் தொண்டுக்கோ தொழிற்பயிற்சிக்கோ போய்விட்டு வருகிறவர்கள் அங்கே நிறைய. அந்த ஒரு வருடத்தை அவர்கள் வீட்டில் யாரும் வீண் என்று சொல்வதில்லை.